புதுப்பிப்பு: மீன் ஐஸ் பெட்டி – முதலில் பதிவா, வகுப்பா?

ஆறு மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன். பொருள் வடிவமைப்பு என் தொழில், வாரம் இரண்டு நாள் கல்லூரியில் வகுப்பு. காசிமேட்டு மீன்காரம்மாக்களுக்காக வரைந்த ஐஸ் பெட்டியை நானே தயாரித்து விற்க ஆசை. மாதிரியை முதலில் மாணவர்களுக்குக் காட்டினால், வடிவத்தை என் பெயரில் பதிவு செய்யும் உரிமை போய்விடுமா என்பதுதான் கேள்வி. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"முதல்ல விண்ணப்பம், அப்புறம் வகுப்பு" என்று ஒரு அண்ணா சொன்னதுதான் கைகொடுத்தது. 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி, விண்ணப்பிக்கும் முன்பே பொதுவில் வெளியான வடிவத்தைப் பதிவு செய்ய முடியாது. தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும், இன்னும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம். சொந்த நேரத்தில், சொந்தச் செலவில் செய்தது என்று கல்லூரியிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டேன். வாய்ப்பேச்சோடு விடாதீர்கள்.

எதிர்பாராதது ஒன்று: இந்தப் பதிவு தோற்றத்தை மட்டுமே காக்கும். உருகிய தண்ணீரை வடிக்கும் அமைப்பு செயல்பாட்டில் சேரும். அதற்குக் காப்புரிமைதான் (பேட்டன்ட்) வழி.

இன்னொன்று, மாணவர்களோடு விடியற்காலையில் காசிமேடு போனபோது நடந்தது. ஒரு அம்மா பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "ஈரக் கையில வழுக்குதும்மா" என்றார். என் மேசையில் இது தெரியவே இல்லை. கைப்பிடியைப் பெட்டியின் உடம்போடு சேர்த்து வியாசர்பாடி பட்டறையில் மறுபடி செய்தோம். பெட்டியின் தோற்றமே மாறிவிட்டதால், வெளியே காட்டும் முன்பே இரண்டாவது விண்ணப்பம் போட்டேன்.

இப்போது 12 பெட்டிகள் சந்தையில் புழக்கத்தில் இருக்கின்றன. வகுப்பும் தொடர்கிறது.