பெல்ட் மாட்டிய சைக்கிள்: ஏற்றத்தில் மட்டும் பல் தாவுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
பழைய ஸ்டீல் பிரேம் சைக்கிள் ஒன்றைச் சங்கிலிக்குப் பதில் பல்வைத்த பெல்ட்டுக்கு மாற்றியிருக்கிறேன். சங்கிலி மாதிரிப் பெல்ட்டைக் கழற்றிக் கோர்க்க முடியாதே, அதனால் வலப்பக்க சீட் ஸ்டேவை (சீட்டுக்கு அடியிலிருந்து பின் சக்கரத்துக்கு இறங்கும் குழாய்) ஆக்சிலுக்குச் சற்று மேலே அறுத்து, போல்ட்டில் கழலும் இணைப்பு வைத்தாயிற்று. முன்னால் 50 பல், பின்னால் 24, பெல்ட் 118 பல், பிட்ச் (பல்லுக்குப் பல் இடைவெளி) 11 மி.மீ. பின் சக்கரத்தில், கியர்கள் உள்ளேயே இருக்கும் 8 கியர் ஹப். சமதளத்தில் சத்தமே இல்லை. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்பக்கம் 'டக்'கென்று தாவுகிறது. இறுக்கம் பார்க்கப் பெல்ட்டைச் சுண்டினால், அதன் அதிர்வை அளக்கும் போன் ஆப் 50 ஹெர்ட்ஸ் காட்டுகிறது. இன்னும் இறுக்கவா?

பதில் 1:
வேண்டாம் தம்பி. கியர் ஹப்புக்கு 50 தாராளம். மேலும் இறுக்கினால் ஹப் பேரிங்தான் போகும். பின் பிரேக்கைப் பிடித்து, வலது கிராங்கைக் கிடையாக வைத்து அதன்மேல் ஏறி நில்லுங்கள். கீழ்ப்பக்கப் பெல்ட்டையும் ஆக்சிலையும் வேறொருவர் பார்க்கட்டும்.

கேட்டவர்:
பார்த்தோம் அண்ணே. ஆக்சில் மாட்டிய இடத்திலிருந்து வழுக்கவில்லை. ஆனால் கீழ்ப்பக்கம் தொய்கிறது, வலது செயின் ஸ்டே (பெடல் பக்கமிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் கீழ்க் குழாய்) கண்ணுக்குத் தெரிய வளைகிறது. முன் ஸ்ப்ராக்கெட் (பல் சக்கரம்) உரசாமலிருக்க அந்தக் குழாயை ஓரிடத்தில் நசுக்கியிருந்தேன். வளைவு சரியாக அங்கேதான்.

பதில் 1:
அப்போ அதுதான். 80 கிலோ ஆள் 170 மி.மீ. கிராங்கில் முழு எடையையும் இறக்கினால், 50 பல்லில் பெல்ட்டின் மேல்பக்கம் சுமார் 155 கிலோ இழுக்கும். பெரும்பகுதி அந்த வலது குழாய்க்குத்தான். அது வளைந்தால் ஆக்சில் முன்னே வரும், கீழ்ப்பக்கம் தளரும். சங்கிலி கொஞ்சத் தளர்வைத் தாங்கும், பெல்ட் தாவிவிடும். பெல்ட் பிரேம்களுக்கு விறைப்புச் சோதனை கேட்பதே இதற்காகத்தான்.

பதில் 2:
முன்னால் 46, பின்னால் 22 பல் (46/22) போட்டால் நசுக்கவே தேவையிருக்காதே? விகிதம் ஏறக்குறைய அதேதான். ஸ்ப்ராக்கெட் ஆரம் 7 மி.மீ. குறையும். 115 பல் பெல்ட் இதே 443 மி.மீ. செயின் ஸ்டேவுக்குப் பொருந்தும்.

பதில் 1:
கணக்கு சரி. ஆனால் சிறிய ஸ்ப்ராக்கெட்டில் இழுவை 170 கிலோவை நெருங்கும், பின்னால் பிடிக்கிற பல்லும் குறையும். நசுங்கிய குழாயை வைத்துக்கொண்டு அதைச் செய்தால் தாவல் கூடும். முதலில் வலது செயின் ஸ்டேவைக் கனத்த குழாயாக மாற்றுங்கள். இரண்டு ஸ்டேக்களுக்கும் நடுவே, டயருக்கு முன்னால், ஒரு குறுக்குத் துண்டும் வையுங்கள். பற்றவைக்கும்போது பிரேம் இழுத்துக்கொள்ளும். இரு ஸ்ப்ராக்கெட்டும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று ஆறிய பிறகு பாருங்கள், 1 மி.மீ.க்கு மேல் விலகக்கூடாது.

கேட்டவர்:
சரி அண்ணே, குழாயை மாற்றிவிட்டு 50/24-லேயே ஓட்டிப் பார்க்கிறேன். அப்புறமும் தாவினால் பின் ஸ்ப்ராக்கெட்டுக்குக் கீழே, பெல்ட்டில் படாமல், பெல்ட் எழும்பித் தாவாமல் தடுக்கிற ஒரு சின்ன ரோலர் வைக்க இடம் விட்டுவைக்கவா?

பதில் 1:
இப்போதே விடுங்கள். டிராப் அவுட்டில் (ஆக்சில் உட்காரும் தகடு) ஒரு மரை போட்ட துளை போதும்.