பிள்ளைகள் வெளிநாட்டில் படிக்கப் போகும்போது எடுக்கும் மெடிக்கல் இன்சூரன்ஸ்: எங்கள் வீட்டில் நடந்தது, உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள்

காட்பாடி, காந்தி நகரிலிருந்து:

என் தம்பி 2022 அக்டோபரில் மாஸ்டர்ஸ் படிக்க ஜெர்மனி போனான். வேலூர்க்காரர்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் பெரிய கவலை கிடையாது. வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ரெண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து சி.எம்.சி.க்கு வருகிறார்கள், பக்கத்து லாட்ஜ் போர்டெல்லாம் பெங்காலியில் இருக்கிறது, நமக்கு ஆட்டோ ஏறினால் இருபது நிமிஷம். அதனால் இன்சூரன்ஸ் என்பது விசா ஃபைலில் வைக்க வேண்டிய ஒரு காகிதம் என்றுதான் அப்பாவும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

அங்கே காலேஜில் சேர இன்சூரன்ஸ் கட்டாயம். முப்பது வயதுக்குள் இருக்கும் மாணவர்களுக்கு அரசு முறையிலான பப்ளிக் இன்சூரன்ஸ் மாணவர் கட்டணத்தில் கிடைக்கும், அப்போது மாதம் 110 யூரோவுக்கு மேல். எங்களுக்கு எல்லாம் செய்து கொடுத்த கன்சல்டன்சிக்காரர், "எதுக்குப்பா அவ்வளவு, பிரைவேட்ல முப்பது யூரோவுக்கு இருக்கு, அதுவே போதும்" என்றார். மாதம் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம் என்று கணக்குப் போட்டது நான்தான். அதற்காகத் தம்பி, பப்ளிக் இன்சூரன்ஸ் வேண்டாம் என்று ஒரு விலக்குக் கடிதம் வாங்கினான். அந்தக் கடிதம் வாங்கிவிட்டால் படிப்பு முடிகிற வரைக்கும் பப்ளிக்குத் திரும்ப முடியாது என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

ஜனவரியில் ஒரு ராத்திரி ரெண்டரை மணிக்கு போன். அங்கே பத்து மணி. தம்பிக்குச் சின்ன வயதில் வீசிங் உண்டு, எட்டாவது படிக்கும்போதே நின்றுவிட்டது, நாங்கள் மறந்தே போயிருந்தோம். அந்தக் குளிர் அதைத் திரும்பக் கிளப்பிவிட்டது. போனில் அவன் பேசவே இல்லை, இழுத்து இழுத்து மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்டது. ரூம்மேட் பையன் போனை வாங்கி, "அக்கா, 112க்கு அடிச்சிட்டேன், ஆம்புலன்ஸ் வருது" என்றான். ரூம்மேட் மதுரைப் பையன், அவன் நன்றாக இருக்க வேண்டும். அம்மா விடியும் வரை கூடத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்று நாள் அட்மிட். வைத்தியத்தில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். டாக்டர் எப்போதிலிருந்து இந்தத் தொந்தரவு என்று கேட்டிருக்கிறார், இவனும் உள்ளதைச் சொல்லியிருக்கிறான், அவர் "சிறு வயதிலிருந்து" என்று எழுதிவிட்டார். ரெண்டு மாதம் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம். தம்பி வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினான், ஒரு வரிக்குக் கீழே பேனாவில் கோடு போட்டு. ஏற்கெனவே இருந்த நோய் என்பதால் பணம் தர மாட்டோம் என்று அதில் இருந்தது. பாலிசியைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம், நாற்பது பக்கத்தில் இருபத்தி மூன்றாம் பக்கத்தில் அது எழுதியே இருந்தது. பில் நாலாயிரம் யூரோவுக்குக் கொஞ்சம் குறைவு. அவனுடைய பிளாக்டு அக்கவுண்டிலிருந்து, அதாவது விசாவுக்காக முன்பணம் போட்டு வைத்து மாதாமாதம் கொஞ்சமாக எடுக்கிற கணக்கிலிருந்து, அப்போது மாதம் 861 யூரோதான் எடுக்க முடிந்தது, வாடகையும் சாப்பாடும் அதிலேதான். அப்பா சத்துவாச்சாரி பேங்கில் நகைக்கடன் போட்டு அனுப்பினார். மீதியை ஆஸ்பத்திரியில் பேசித் தவணையில் கட்டினான்.

விலை குறைவு என்பதற்காக மட்டும் விலக்குக் கடிதம் வாங்காதீர்கள். பப்ளிக்கில் பழைய வியாதி இருக்கிறதா என்ற கேள்வியே கிடையாது. விசாவுக்காக எடுக்கிற டிராவல் இன்சூரன்ஸ் வேறு, இது வேறு, ரெண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ராணிப்பேட்டையிலிருந்து:

படிக்கவே மனசு கஷ்டமாக இருந்தது அம்மா. என் மகள் 2024 செப்டம்பரில் இங்கிலாந்து போனாள், ஒரு வருஷப் படிப்பு. விசாவோடு ஹெல்த் சர்சார்ஜ் என்று மொத்தமாக வாங்கிவிட்டார்கள். மாணவர்களுக்கு வருஷத்துக்கு 776 பவுண்டு, விசா ஒரு வருஷத்துக்கு மேல் சில மாதம் வருவதால் அரை வருஷம் சேர்த்து 1,164 பவுண்டு. நான் தோல் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவன், இருந்தும் இதை விசா ஃபீஸ் என்றே நினைத்துவிட்டேன், அதுதான் வைத்தியத்துக்கான பணம் என்று புரியவில்லை. அதனால் தனியாக ஒரு பாலிசியும் எடுத்துக் கொடுத்தேன்.

அப்புறம் நவம்பரில் காது வலி. மூன்று நாள் இங்கிருந்து கொண்டுபோன மாத்திரையையே போட்டுக்கொண்டு, செலவாகும் என்று பயந்து எங்களிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அந்தப் பயம்தான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. கூடப் படிக்கிற பெண் 111க்கு, அதாவது அங்கே அவசரமில்லாத மருத்துவ உதவிக்கான நம்பருக்குப் போன் போட்டு வழி கேட்டு, அடுத்த நாளே பக்கத்து ஜிபி என்கிற பொது டாக்டரிடம் பெயர் பதிய வைத்தாள். டாக்டரைப் பார்க்கக் காசு கிடையாது, மருந்துக்கு மட்டும் 9.90 பவுண்டு. போய் இறங்கிய முதல் வாரத்திலேயே ஜிபியிடம் பதிந்துவிடச் சொல்லுங்கள். பல்லுக்கு அங்கே தனிச் செலவு, போவதற்கு முன்னால் இங்கேயே பார்த்து முடித்துவிடுங்கள்.

குடியாத்தத்திலிருந்து, இப்போது அமெரிக்காவில் படிக்கிறேன்:

இங்கே எஃப்-1 என்கிற மாணவர் விசாவுக்கு இன்சூரன்ஸ் வேண்டும் என்று மத்திய அரசின் விதி இல்லை, யுனிவர்சிட்டிதான் கேட்கும். நான் ஊரிலேயே மலிவான பாலிசி எடுத்து வந்தேன், அதைக் காட்டி யுனிவர்சிட்டி பிளான் வேண்டாம் என்று வேய்வர் (விலக்கு) கேட்டேன், தள்ளிவிட்டார்கள், யுனிவர்சிட்டி பிளானுக்கும் கட்டினேன். ரெண்டு செலவு. கேட்டுவிட்டு வாங்கியிருக்கலாம். கிரிக்கெட் ஆடும்போது கணுக்கால் பிசகியது, சீனியர் அண்ணன் எமர்ஜென்சிக்குப் போகவிடாமல், பிளானோடு ஒப்பந்தம் உள்ள நெட்வொர்க்கில் இருக்கிற அர்ஜென்ட் கேருக்கு, அதாவது சின்னக் காயம் பார்க்கிற கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். அதே காயத்துக்கு எமர்ஜென்சி போன இன்னொரு பையனின் பில்லைப் பார்த்தேன், பல மடங்கு.

ஆற்காட்டிலிருந்து:

அக்கா, என் அண்ணன் மகன் ஏப்ரலில் ஜெர்மனி போகிறான், வயது 29. அவனுக்கு எது சரி? உங்கள் தம்பி இப்போது எப்படி இருக்கிறார்?

காட்பாடி, காந்தி நகரிலிருந்து:

முப்பது ஆவதற்கு முன்னால் சேர்கிறான் என்றால் முதலில் பப்ளிக்கில் சேரச் சொல்லும்மா. முப்பது தாண்டினால் அந்த மாணவர் கட்டணம் போய்விடும், அதன் பிறகு என்ன ஆகும் என்று சேரும்போதே அந்த இன்சூரன்ஸ்காரர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் ஒரு காப்பி கையில் இருக்கட்டும். தம்பி படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்துவிட்டான், வேலையோடு பப்ளிக் இன்சூரன்ஸும் வந்துவிட்டது. இப்போது இன்ஹேலருக்கு அஞ்சு யூரோதான் கொடுக்கிறான். அந்த ரசீதையும் அம்மாவுக்கு போட்டோ எடுத்து அனுப்பினான்.