ஆலையில் இருப்பதும் கணினியில் இருப்பதும்: உங்கள் அனுபவங்கள்

நெற்கணக்கு, சம்மாந்துறை:
எங்கள் அரிசி ஆலையில் கொள்வனவு, களஞ்சியம், உற்பத்தி, விற்பனை எல்லாம் ஒரே மென்பொருளுக்குள் வந்த முதல் ஆண்டு அது. ஓரிடத்தில் பதிந்தால் மற்றப் பகுதிகளின் கணக்கும் அதோடு மாறும்; இங்கே இருப்பவர்கள் எல்லோரும் அப்படியொன்றோடு மல்லுக்கட்டியவர்கள்தான். இருப்பெடுப்பில், அதாவது கையிருப்பை எண்ணிப் பார்த்தபோது, கணினி காட்டியதைவிட நெல் பெருமளவு குறைந்திருந்தது. கணக்காய்வுக்கு வந்தவர் திரையைத் திருப்பிக் காட்டி, களஞ்சியப் பொறுப்பாளராக இருந்த காக்காவிடம், “இவ்வளவு நெல்லும் எங்கே போனது?” என்று கேட்டார். காக்கா பதில் சொல்லாமல் எழுந்து போய், அடுக்கிலிருந்த மூடை ஒன்றின் வாயைப் பிரித்து, ஒரு நெல்லை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தார். டக்கென்று உடைந்தது. “வரும்போது இது நசுங்கியது சேர், இப்போது உடைகிறது. நீங்கள் தேடுவது தண்ணீரை” என்றார்.

வெட்டு மெசினிலிருந்து நேரே வரும் நெல்லில் 20 வீதம் ஈரம் இருந்தால், அதை 14 வீதத்துக்குக் காயவைக்கும்போது 100 கிலோ ஏறக்குறைய 93 கிலோவாகிவிடும். களவும் இல்லை, எலியும் இல்லை. ஈரமானி காட்டிய அளவு ஒவ்வொரு நிறைச் சிட்டையின் மூலையிலும் பேனையால் எழுதப்பட்டிருந்தது. கணினியில் அதைப் பதிவதற்குத்தான் கட்டம் இல்லை. அறிக்கையில் ‘பற்றாக்குறை’ என்றே எழுதி, பொறுப்பாளர் என்று காக்காவின் பெயரையும் போட்டுவிட்டார்கள். அடுத்த போகத்துக்கு அவர் வேலைக்கு வரவில்லை. அந்த வரியை இன்றுவரை யாரும் திருத்தவுமில்லை.

துணி ராக்கை, மட்டக்களப்பு:
மேலே எழுதியவர் மென்பொருளைக் குற்றவாளியாக்கிவிட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு கட்டத்தைச் சேர்ப்பது சிறிய வேலை. அதை வாங்கும் பேச்சு நடந்தபோது, தராசடியில் நிற்பவரை யாராவது அறைக்குள் கூப்பிட்டார்களா என்பதுதான் கேள்வி.

நான் ஆடைத் தொழிற்சாலையொன்றில் இருந்தேன். ஒரு சட்டைக்கு இவ்வளவு துணி என்று முன்கூட்டியே கணினியில் எழுதியிருக்கும்; தைத்து முடிந்த சட்டை பெட்டிக்குள் போகும்போது அவ்வளவு துணியும் இருப்பிலிருந்து தானாகவே கழிந்துவிடும். பழுதான துண்டுகளுக்கு மாற்றாக வெட்டிய துணி மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறாது. வெட்டுப் பகுதிப் பிள்ளைகள் அதைத் தங்கள் கொப்பியில் ஒழுங்காகத்தான் எழுதி வந்தார்கள், ஆனால் அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்குவது யாருடைய பொறுப்பு என்று எங்குமே எழுதப்பட்டிருக்கவில்லை. ஒருநாள் கொள்வனவு அதிகாரி அச்சிட்ட தாளோடு கீழே வந்தார். தாளில் துணி ரோல்கள் இருந்தன. ராக்கையில் வெறும் அட்டைக் குழாய்கள் கிடந்தன. அவர் ஒரு குழாயை எடுத்து, அதன் துளை வழியாக என்னைப் பார்த்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதே சாயத் தொகுதியில் துணி மீண்டும் கிடைக்காது, வேறு தொகுதி என்றால் நிறம் ஒத்துப்போகாது. ஓடர் குறைவாகத்தான் கப்பலேறியது.

நிறுவுநர், கல்முனை:
நான் இத்தகைய மென்பொருட்களை நிறுவிக் கொடுப்பவன். 2022 மின்வெட்டுக் காலத்தில் ஓர் அரிசி ஆலையில் ஜெனரேட்டர் இயந்திரங்களை மட்டும் ஓட்டியது, அலுவலகத்தை அல்ல. மின்சாரம் வந்ததும் விற்பனையை மட்டும் அவசரமாகப் பதிந்தார்கள், உற்பத்தியைப் பதியவில்லை. திரையில் அரிசி இருப்பு கழித்தல் குறியோடு நின்றது; வெளியே அதே அரிசியை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

சம்மாந்துறை அண்ணனுக்குச் சில விடயங்களைச் சொல்ல வேண்டும். ஆலையையும் அலுவலகத்தையும் இணைப்பதற்கென்று ஐஎஸ்ஏ-95 என்றொரு தரநிலை இருக்கிறது. அதன்படி நான்காம் நிலையில் திட்டமிடலும் கணக்கும் இருக்கும், இரண்டாம் நிலையிலும் அதற்குக் கீழும் இயந்திரங்களும் உணரிகளும் இருக்கும், இடையே மூன்றாம் நிலையில் உற்பத்தியை நடத்தும் முறைமை இருக்கும். எங்கள் பக்கத்தில் அந்த மூன்றாம் நிலை பெரும்பாலும் ஒரு கொப்பிதான். ஆகவே முதலில் ஈர நெல்லையும் காய்ந்த நெல்லையும் இரு வேறு பொருட்களாகப் பதியுங்கள். காயவைப்பதையும் ஓர் உற்பத்திப் படியாகவே திறந்து, உள்ளே போன நிறையையும் வெளியே வந்த நிறையையும் எழுதுங்கள். அப்போது ஈர இழப்பு அந்தப் படியிலேயே தெரிந்துவிடும், ஒருவருடைய தலையில் விழாது. உமி, தவிடு, குருணல் ஆகியவற்றைக் கழிவு என்று விட்டுவிடாமல் உப விளைபொருட்களாக விலையோடு பதியுங்கள். உமி நெல்லின் நிறையில் ஐந்திலொரு பங்களவு வரும், அதையும் நீங்கள் கொதிகலனில் எரிக்கிறீர்கள்; அது கணக்கில் வராவிட்டால் புழுங்கலரிசியின் அடக்கவிலை எப்படிச் சரியாக வரும்? இருப்பெடுப்பை ஆண்டிறுதிவரை தள்ளிப்போடாமல், போகத்தின் நடுவிலேயே ஒவ்வொரு அடுக்காக எண்ணி வாருங்கள்.

நெற்கணக்கு, சம்மாந்துறை:
தம்பி, நான் ஆலோசனை கேட்கவில்லை. ஆனால் காயவைப்பதைத் தனிப் படியாகத் திறப்பது சரியென்றே படுகிறது. துணி ராக்கைக்காரருக்கு ஒன்று: காக்காவை அறைக்குள் கூப்பிட்டார்கள், தேநீர் கொடுத்தார்கள், அவர் ஈரத்தைப் பற்றிச் சொன்னார், ‘பிறகு பார்ப்போம்’ என்று அனுப்பிவிட்டார்கள்.

தராசடி, அக்கரைப்பற்று:
நீங்கள் எல்லோரும் கேட்கும் அந்த ஈரக் கட்டம் நான் வேலை பார்த்த ஆலையில் இருந்தது. திரை திறக்கும்போதே அதில் 14 என்று நிரம்பியிருக்கும். காய்ந்த நெல்லுக்கு அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை வைத்திருந்த உச்ச அளவு அதுதான் என்பதால் யாரோ அப்படி அமைத்துவிட்டார்கள். மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் லொறியின் படங்கிலிருந்து தராசின் மேல் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. பதிவு செய்யும் பிள்ளை 14 என்பதை அப்படியே விட்டு அடுத்த கட்டத்துக்குப் போனாள். விவசாயிக்குக் காசு கழித்தது மட்டும் ஈரமானியைப் பார்த்துத்தான்! ஆக, ஒரே லொறிக்குச் சிட்டையில் ஓர் ஈரம், கணினியில் வேறோர் ஈரம்.

நான் முகாமையாளரிடம் சொல்லி, அந்த 14 ஐ எடுத்து, அளவைப் பதியாமல் மேலே போக முடியாதபடி மாற்றச் செய்தேன். ஆலையில் இருந்தது ஒரே ஓர் ஈரமானி. அன்று பின்னேரம் லொறி வரிசை பிரதான வீதிவரை போய்விட்டது. முதலாளி வந்து பார்த்துவிட்டு, 14 ஐத் திரும்பப் போடச் சொன்னார்.