சுங்கை சிப்புட் மாடியில் கறுப்புத் துணி கட்டினார்களா?

பால்மரத்தான்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்து எரிச்சல்தான் வந்தது. 1941-இல், மலாயாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் நம் ஊரான சுங்கை சிப்புட்டில், சாப்பாட்டுக் கடை மாடியில் வாடகைக்கு இருந்த கிராணிமாரும் (தோட்டத்துக் கணக்கர்கள்) ரயில்வே ஊழியர்களும் கடைச் சிப்பந்திகளும், போர் வருமுன்பே விளக்கு வெளிச்சம் விமானங்களுக்குத் தெரியாதபடி சன்னல்களில் கறுப்புத் துணி கட்டி ஆயத்தமாக இருந்தார்களாம். டிசம்பர் 8 விடியற்காலையில் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது சிங்கப்பூரிலேயே தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அசைக்க முடியாத கோட்டை என்று வெள்ளையர் பீற்றிக்கொண்ட தீவுக்கே இல்லாத முன்யோசனை, ஒரே அறையில் நான்கு பேராக முடங்கிக் கிடந்தவர்களுக்கு எங்கிருந்து வந்தது?

கிராணி வீட்டுப் பேரன்:
அதை எழுதியவன் நான்தான். அந்த மாடியில் தங்கியிருந்த என் தாத்தாவே கறுப்புத் துணி கட்டியதாகச் சொன்னார். சிங்கப்பூரில் போருக்கு முன்பே விளக்கணைப்பு ஒத்திகைகள் நடந்தன என்பதைத் தாங்கள் வசதியாக மறந்துவிட்டீர்கள்.

பால்மரத்தான்:
ஒத்திகை நடந்தது சிங்கப்பூரில். துணி தொங்கியதோ சுங்கை சிப்புட்டில். இரண்டுக்கும் இடையே எத்தனை மைல் என்று தாத்தா சொல்லவில்லையா?

சடக்கோரம்:
ஐயா, 'போர் வருமுன்' என்று எதைச் சொல்கிறீர்கள்? டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையேறியதையா, 11-இல் பினாங்கில் குண்டு விழுந்ததையா, மாதக் கடைசியில் நம் பக்கத்து ஈப்போ அவர்கள் கைக்குப் போனதையா? பினாங்கு எரிந்த செய்தி வந்தபின் துணி கட்டியிருந்தால் இருவர் சொல்வதும் பொருந்துமே.

பால்மரத்தான்:
நாள் கணக்கை நாம் பிறகு பார்ப்போம். துணி இருந்ததா, இல்லையா? கிராணிமாருக்கு முன்யோசனை இருந்திருந்தால், அதே 1941-இல் கிள்ளான் ரப்பர் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம் ஏன் என்று அவர்களுக்கு விளங்கியிருக்கும். துரையையோ கிராணியையோ கண்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னதும் அந்தக் கோரிக்கைகளில் ஒன்று. அந்த வேலைநிறுத்தத்தின் தலைவர் ஆர்.எச்.நாதனை வெள்ளையர் பிடித்து நாடு கடத்தியபோது மாடிவாசிகள் என்ன துணி கட்டினார்கள்?

கிராணி வீட்டுப் பேரன்:
இதில் நாதன் ஏன் வருகிறார்? என் தாத்தா எவரையும் சைக்கிளிலிருந்து இறக்கியவர் அல்லர். தங்கள் குடும்பத்துக்குக் கிராணிமார்மேல் இருக்கும் பழைய பகையைச் சரித்திரம் என்று விற்காதீர்கள்.

சடக்கோரம்:
என் கேள்விக்கு இருவரும் பதில் சொல்லவில்லை.

பால்மரத்தான்:
பகையா? ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது, தோட்டத் தொழிலாளிகள் குடியிருந்த லயங்கள்தாம் காலியாயின. பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்திருந்தவர் யார் என்பதை லயத்தில் பிறந்தவரிடம் கேளுங்கள். அது இருக்கட்டும். துணிக்குச் சான்றாகத் தாத்தாவின் வாய்ச்சொல்லைத் தவிர ஒரு கடிதமோ கடைக் கணக்கோ இருந்தால் காட்டுங்கள்.

கிராணி வீட்டுப் பேரன்:
துணி இல்லை என்பதற்குத் தாங்கள் முதலில் காட்டுங்கள்.

பால்மரத்தான்:
இல்லாத துணிக்கு எந்தக் கடைக்காரர் கணக்கு எழுதுவார்? சைக்கிள் விஷயத்துக்கும் இன்னும் பதில் வரவில்லை.