ஆட்டு இதயத்தின் நுனி வெளுக்கவில்லை: உதவி தேவை

வணக்கம். வியாசர்பாடியில் ஆட்டு இதயத்தின் செல்களைக் கழுவி நீக்கிக் கொலாஜன் (புரத நார்) சட்டகத்தை மட்டும் எடுக்கப் பார்க்கிறோம். 2008-ல் மின்னசோட்டாவில் எலி இதயத்துக்குச் செய்த முறைதான்: பெருந்தமனி வழியாகப் பின்னோக்கி 1% எஸ்டிஎஸ், பிறகு 1% டிரைட்டான் எக்ஸ்-100 (இரண்டும் செல்களைக் கரைக்கும் சோப்பு போன்ற பொருட்கள்). கரைசல் தொட்டி 95 செ.மீ. உயரத்தில், சுமார் 70 மி.மீ. பாதரச அழுத்தம்.

செல்கள் போனால் இதயம் வெளுக்க வேண்டும். மேல்பகுதி வெளுக்கிறது, நுனி சிவப்பாகவே நிற்கிறது. குழாய் முனை வால்வைத் தாண்டவில்லை (தாண்டினால் கரைசல் கரோனரிக்கு (இதயத் தசைக்கு ரத்தம் தரும் தமனிகளுக்கு) போகாமல் இடது கீழறைக்குள் இறங்கிவிடும்). பொட்டாசியம் உள்ள பிபிஎஸ் (பாஸ்பேட் கலந்த உப்புக்கரைசல்) எஸ்டிஎஸ்ஸோடு சேர்ந்தால் படிவு விழுந்து நுண்குழாய்களை அடைக்கும். அதனால் இடையில் காய்ச்சி வடித்த நீர்தான் விடுகிறோம். மிச்சமுள்ள சந்தேகம் காற்றுக்குமிழி அல்லது ரத்தக்கட்டி. ரத்தக்கட்டி என்றே படுகிறது.

புளியந்தோப்பு ஆடுதொட்டியில் (இறைச்சிக்கூடத்தில்) பழக்கமுள்ளவர்கள் யாராவது, இதயத்தைக் கீறாமல், பெருந்தமனியை 3 செ.மீ. விட்டு வெட்டித் தரச் சொல்ல முடியுமா? ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) கலந்த குளிர்ந்த உப்புநீரை அங்கேயே ஏற்றிவிடுவோம். உறைந்துபோனதை ஹெப்பாரின் கரைக்காது, அதனால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

குழாயில் வரும் காற்றுக்குமிழியைப் பிடிக்கும் கண்ணாடிக் கலம் இருப்பவர்கள் இரண்டு வாரத்துக்குக் கொடுத்தால் பெரிய உதவி. நுனியை வெளுக்கவைத்த அனுபவம் இருந்தால் அழுத்தம், நேரம் இரண்டையும் எழுதுங்கள்.