மறு: தண்டா, கழையா? மூங்கில், பிரம்பு கணக்கெடுப்புச் சொற்கள்

வணக்கம்.

மூங்கில் குத்தில், அதாவது ஒரே அடியிலிருந்து கூட்டமாக எழும் மூங்கில் புதரில், நிற்கும் ஒவ்வொரு தனி மூங்கிலையும் கணக்கெடுப்புப் படிவத்தில் 'கழை' என்று எழுதலாம் என்று கேட்டிருந்தேன். அது பழஞ்சொல், யாருக்கும் விளங்காது, 'தண்டு' என்றே இருக்கட்டும் என்று ஐயா போன மடலில் எழுதியிருந்தார்கள். மூன்று நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. காரணம் இலக்கியம் இல்லை, ஒரு படிவம்.

கூடலூர்ப் பக்கம் ஒரு கிராம சபைக்காக மூங்கில் கணக்கெடுத்தபோது நானும் கூடப் போயிருந்தேன். கையில் கொடுத்த படிவத்தில் 'மூங்கில் எண்ணிக்கை' என்று ஒரே ஒரு கட்டம். இரண்டு குழுவாகப் பிரிந்து ஓடையின் இரு கரையிலும் ஒரே அளவுச் சதுரங்களில் எண்ணினோம். சாயங்காலம் பார்த்தால் ஒரு தாளில் ஒற்றை இலக்கம், இன்னொன்றில் மூன்று இலக்கம். ஒரு குழு குத்துகளை எண்ணியிருந்தது, மற்றது ஒவ்வொரு குத்திலும் நிற்பதையெல்லாம் எண்ணியிருந்தது. இரண்டு பேரும் சரியாகத்தான் எண்ணினார்கள். படிவத்தில்தான் சொல் இல்லை. மறுநாள் திரும்பப் போய் முதலிலிருந்து எண்ணினோம், முள்மூங்கிலுக்குள் நுழைந்து எண்ணியவர்களுக்குத் தெரியும் அது என்ன வேலை என்று.

சரி, அந்தக் கட்டத்தை இரண்டாக்கி 'தண்டு' என்று போட்டால் என்ன? பள்ளிப் புத்தகத்தில் இஞ்சியின் நிலத்தடிப் பகுதிக்கு மட்டநிலத்தண்டு என்று ஏற்கெனவே பெயர் இருக்கிறது. மூங்கிலுக்கும் மண்ணுக்குள் அதுதான். அப்படியானால் மண்ணுக்குள் ஒரு தண்டு, மேலே ஒரு தண்டு, ஒரே பக்கத்தில் இரண்டும் வரும்போது படிப்பவர் எதை எண்ணுவார்? அதோடு தண்டு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கீரைத்தண்டும் வாழைத்தண்டும்தான்.

மரத்துக்குச் சொல்வதுபோல 'அடிமரம்' என்று ஒருவர் எழுதியிருந்தார், அது இன்னும் ஆபத்து. மரம் ஆண்டுக்கு ஆண்டு பருக்கும், சுற்றளவைப் பார்த்து இளசா முற்றினதா என்று ஓரளவு சொல்லலாம். மூங்கில் மண்ணைவிட்டு வரும்போதே அதன் முழுப் பருமனோடு வருகிறது, சில மாதத்தில் முழு உயரத்தை எட்டிவிடும், அதற்குப் பிறகு பருக்கவே பருக்காது, உள்ளே கெட்டிப்படும், அவ்வளவுதான். வெளியே வயிரம் பாய்ந்தது புல், உள்ளே வயிரம் பாய்ந்தது மரம் என்று தொல்காப்பியம் பிரித்துவைத்திருக்கிறது, அந்தக் கணக்கில் மூங்கில் புல்தான். ஆனால் 1927 வனச் சட்டம் மூங்கிலை மரத்தோடு சேர்த்தது, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை அந்த வரையறையிலிருந்து எடுக்க 2017 வரை ஆனது. இடையில் 2006 வன உரிமைச் சட்டம் மூங்கிலையும் பிரம்பையும் சிறு வனப்பொருள் என்று எழுதிய பிறகுதான் கிராம சபைகள் அதைக் கையில் எடுக்க வழி பிறந்தது. ஒரு சொல் தப்பாக உட்கார்ந்தால் எத்தனை பேரின் பிழைப்பு அதில் மாட்டுகிறது பாருங்கள்.

இனி 'கழை' விளங்காது என்பதற்கு வருகிறேன். கழைக்கூத்தாடி என்றால் யாருக்குத் தெரியாது? 'அது வெட்டின மூங்கில்தானே' என்று கேட்பீர்கள், நியாயம். அதனால்தான் ஒரு வரையறையோடு கேட்கிறேன்: குத்தில் உயிரோடு நிற்பது கழை, வெட்டி எடுத்தது கழி. கழி என்பதைக் கடைத்தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள், அதை அங்கேயே விட்டுவிடலாம். கணக்கெடுப்பில் 'இத்தனை கழை', அறுவடைப் பதிவில் 'இத்தனை கழி' என்று எழுதினால் நின்றது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்பதில் குழப்பம் வராது.

வயதுக்கும் இதிலிருந்தே சொல் கிடைக்கிறது. எங்களோடு வந்த காட்டுநாயக்கர் பழங்குடிப் பெரியவர் வெட்டுக்கத்தியின் முதுகால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். முதல் வருடத்துக் கழையில் குருத்தை மூடியிருந்த உறை ஒட்டிக்கொண்டிருந்தது, விரலால் தேய்த்தால் வெள்ளை மாவு ஒட்டியது, தட்டினால் மொத்தென்று ஒரு சத்தம். "இது இன்னும் தண்ணி, விடு" என்றார். மஞ்சள் ஏறி, மேலே சாம்பல் நிறத்தில் பாசிபோலத் திட்டுத் திட்டாகப் படர்ந்திருந்ததைத் தட்டினால் கணீரென்றது. முன்னதை இளங்கழை, பின்னதை முதிர்கழை என்கிறேன். 3 வயது ஆகாததை வெட்டாதே என்பதுதான் மூங்கில் பராமரிப்பின் முதல் விதி. புதுக் குருத்து குத்தின் வெளிவிளிம்பில் வரும், முதிர்ந்தது நடுவில் மாட்டிக்கொள்ளும், கை எட்டும் சுலபத்துக்கு ஆட்கள் விளிம்பை வெட்டிவிடுவார்கள், குத்து நெருக்குண்டு வீணாகும். அந்த விதியை எழுதக்கூட இந்த இரண்டு சொல்லும் வேண்டும்.

குத்தா தூறா என்பதில் நான் தோற்றுவிட்டேன். 'தூறு' என்று முன்பு வாதாடினேன், ஆனால் விவசாயிகள் நெல்லுக்கும் மூங்கிலுக்கும் குத்து என்றே சொல்கிறார்கள். தனித்தனியாகப் பிரித்து எண்ண முடிந்தால் குத்து, ஒன்றோடொன்று பின்னிக் கிடந்து எண்ணவே முடியாமல் பரப்பாக அளந்தால் தூறு என்று வைத்துக்கொள்வோமே.

அப்புறம் பிரம்பு. ஒரே படிவத்தில் இரண்டும் எதற்கு என்று கேட்டவருக்கு: தோடர்களின் பழைய வீட்டைப் பாருங்கள், வளைத்த மூங்கிலைப் பிரம்பால்தான் கட்டியிருப்பார்கள், காட்டிலிருந்து இரண்டும் சேர்ந்தே வருகின்றன. ஆனால் எண்ணும் முறை வேறு. பிரம்பும் பருக்காது, அதில் நமக்கு வேண்டியது நீளம். இங்கும் அதே பிரிவினை: நிற்பது பிரப்பங்கொடி, உறை உரித்து எடுத்தது பிரம்பு. இரண்டுமே புழக்கத்தில் உள்ளவை. புதிதாக வேண்டியது ஒன்றே. முளைத்த கன்று வெளிச்சம் கிடைக்கும்வரை வருடக்கணக்கில் தரையிலேயே இலைக்கொத்தாக உட்கார்ந்திருக்கும், ஏறவே ஏறாது. அதற்கு அமர்நிலை, முள்சாட்டையை, அதாவது சாட்டைபோல நீளும் முள்கொண்ட உறுப்பை, வீசி மரத்தைப் பிடித்துவிட்டால் ஏறுநிலை. அமர்நிலைக் கன்றுகளை எண்ணாமல் விட்டால் நாளைய பிரம்பே கணக்கில் வராது. சில இனங்கள் ஒற்றைக் கொடிதான், நுனியோடு வெட்டினால் செத்துப்போகும். பக்கக்கன்று விடுகிற இனங்களில் மற்றக் கொடிகள் மிஞ்சும். அதனால் 'ஒற்றைக்கொடி', 'குத்துக்கொடி' என்று ஒரு கட்டம் கண்டிப்பாக வேண்டும்.

கடைசியாக ஒன்று. படிவத்தில் 'காய்ந்தது' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதைப் பிரித்தே ஆகவேண்டும். வறட்சியில் காய்ந்த குத்து வேறு, பூத்து மூங்கிலரிசியை, அதாவது விதையை, உதிர்த்துச் செத்த குத்து வேறு. 12 வருடத்துக்கு ஒருமுறை பூத்துச் சாகும் குறிஞ்சியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மூங்கிலில் அந்த இடைவெளி பல பத்தாண்டு, அவ்வளவுதான். மிசோரமில் 48 ஆண்டுக்கு ஒருமுறை வருவதற்கு மௌதாம், அதாவது மூங்கில் சாவு, என்று ஒரே சொல் இருக்கிறது. 1959-இல் உதிர்ந்த விதையைத் தின்று எலி பெருகிப் பஞ்சமே வந்தது. நம்மிடம் அப்படி ஒரு சொல் இல்லை. பூத்துச் சாவதற்கு 'கடைப்பூப்பு', காடு முழுக்க ஒரே சமயத்தில் பூப்பதற்கு 'ஒருங்குபூப்பு' என்று முன்வைக்கிறேன். ஒற்றைக் குத்து மட்டும் பூப்பதும் உண்டு, ஆகவே இரண்டும் ஒன்றல்ல.

அமர்நிலை, கடைப்பூப்பு இரண்டிலும் எனக்கே முழு நிறைவு இல்லை, நல்லது இருந்தால் சொல்லுங்கள். கழையை மட்டும் விடமாட்டேன். படிவம் மழைக்கு முன்னால் அச்சுக்குப் போகவேண்டும்.