நகத்தோரம் வீங்கி நகமே பச்சையா போச்சு, யாராச்சும் சொல்லுங்களேன்

முறுக்கு_செந்தூல்:
வணக்கம் எல்லாருக்கும், கொஞ்சம் அவசரம். நகத்தோரத்துல வீங்கி வலிக்குது, அழுத்துனா லேசா சீழ் மாதிரி வருது, இப்போ ஒரு பக்கம் நகமே பச்சையா ஆயிடுச்சு, பார்க்கவே அசிங்கமா இருக்கு. மஞ்சள் வெச்சேன் போகல, பார்மசில ஒரு க்ரீம் கொடுத்தாங்க அதுவும் போகல. என்ன போடலாம்? நாளைக்கு கடைக்கு போகணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பட்டர்வொர்த்_பையன்:
கையா காலா லா? அதையே சொல்லலையே.

ஜெலுத்தோங்_அக்கா:
இது நகச்சுத்தி மா, வேற ஒன்னும் இல்ல. ஒரு எலுமிச்சம்பழத்துல ஓட்டை போட்டு உள்ள கொஞ்சம் மஞ்சளும் உப்பும் வெச்சு விரலை உள்ள சொருகிட்டு படுத்துரு. எங்க அம்மா ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுன காலத்துல எல்லாருக்கும் இதான் வைத்தியம், தோட்டத்து மருந்துக்காரர் டிரசர்கிட்ட போனா கத்தியை எடுத்துருவாருன்னு பயந்துக்கிட்டே யாரும் போக மாட்டாங்க.

கிள்ளான்_லோரி:
படம் போடுங்க. படம் இல்லாம எப்படி சொல்றது.

மிஸ்ஸி_பினாங்:
கொஞ்சம் விவரம் வேணும் மா. எந்த விரல், ஒரே விரலா பல விரலா? எவ்ளோ நாளா இருக்கு? என்ன வேலை பார்க்குறீங்க, கை தண்ணியில இருக்குற வேலையா? பார்மசி க்ரீம் பேரு என்ன? இனிப்பு நீர், அதான் சர்க்கரை வியாதி, இருக்கா? நகத்துல ஜெல் பாலிஷ், ஒட்டு நகம் ஏதாச்சும்? இது தெரியாம நான் எதையாச்சும் சொன்னா அது குருட்டாம்போக்கு தான்.

செராஸ்_வாத்தியார்:
இங்க கேக்குறதுக்கு முன்னாடி பழைய பதிவு இழைகளை ஒரு தடவை தேடிப் பார்க்கணும்னு எத்தனை தடவை சொல்றது? நகம் நிறம் மாறுனா காளான், அதாவது பூஞ்சைத் தொற்று. இதுல ஆராய்ச்சி பண்ண ஒன்னுமே இல்ல. டெர்பினாஃபின்னு காளான் மாத்திரை, 250 மில்லிகிராம் தினம் ஒன்னு, கைன்னா 6 வாரம், காலுன்னா 12 வாரம், முடிஞ்சது கதை. எலுமிச்சம்பழத்தை விரல்ல மாட்டிக்கிட்டு தூங்குறதெல்லாம் எந்த நூற்றாண்டு வைத்தியம்னு புரியல.

ஜெலுத்தோங்_அக்கா:
சார் எங்க அம்மாவுக்கு இப்போ 84 வயசு, பத்து விரலும் நல்லா தான் இருக்கு.

பிறை_ராணி:
கால்சியம் கம்மி மா உனக்கு. என் நகத்துலயும் வெள்ளை வெள்ளையா புள்ளி வந்துச்சு, பால் குடிச்சேன் போயிருச்சு. அப்புறம் முடிக்கும் நகத்துக்கும்னு பயோட்டின் மாத்திரை விக்குறாங்க, அதையும் சேர்த்து எடு.

மிஸ்ஸி_பினாங்:
ராணி சிஸ், வெள்ளைப் புள்ளி அனேகமா நகத்தோட வேர்ல எங்கயாவது இடிச்சதால வர்றது தான், கால்சியத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. கை நகம் மாசத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர் வளரும், அதனால அந்தப் புள்ளி தானா மேல நகர்ந்து வெட்டுப்பட்டு போயிரும், நீங்க பால் குடிச்சாலும் குடிக்கலன்னாலும். பயோட்டின் நம்ம உடம்புக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும், அந்த மாத்திரையில 5000, 10000னு இருக்கும். அதை விழுங்கிட்டு ரத்தம் கொடுத்தா சில டெஸ்ட் ரிசல்ட் தப்பா காட்டும், மாரடைப்புக்கு பார்க்குற ட்ரோபோனின் கூட. 2017ல அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ இதுக்குன்னே எச்சரிக்கை விட்டாங்க. எடுக்குறவங்க ரத்தம் கொடுக்குறப்போ டாக்டர்கிட்ட சொல்லிருங்க.

முறுக்கு_செந்தூல்:
சாரி சாரி இப்போ தான் கடையில இருந்து வந்தேன். கை தான், வலது கை கட்டை விரலும் பக்கத்து விரலும். தீபாவளிக்கு முன்னாடி லேசா ஆரம்பிச்சது, அப்போ பலகாரம் ஓடர் நிறைய, முறுக்கு மாவு பிசைஞ்சுக்கிட்டே இருந்தேன் அதனால கண்டுக்கல, இப்போ தைப்பூசமே முடிஞ்சு போச்சு. பகல்ல மாமா சாப்பாட்டு கடையில உதவிக்கு நிக்குறேன், வாழையிலை சாப்பாடு, மங்கு தட்டு கழுவுறது காய்கறி வெட்டுறது எல்லாம். மாவு நகத்துக்குள்ள போயிடும்ல அதை டெய்லி ஊக்கு வெச்சு நோண்டி எடுத்துருவேன், சுத்தமா தான் வெச்சிருக்கேன். நகத்து வேர்ப்பக்கம் ஒட்டியிருக்குற தோலையும் தள்ளி வெட்டி விட்டுருவேன், அழகா இருக்கும்னு. க்ரீம் காளானுக்குன்னு சொல்லி கொடுத்தாங்க. இனிப்பு நீர் டெஸ்ட் பண்ணதில்ல.

பட்டர்வொர்த்_பையன்:
அக்கா இவ்ளோத்தையும் முதல்லயே சொல்லியிருக்கலாம் 😅

மிஸ்ஸி_பினாங்:
ஆ, இப்போ புரியுது. நான் டாக்டர் இல்ல, ஆனா தோல் கிளினிக்ல ரொம்ப நாள் நின்னவ, இந்த மாதிரி விரலை நிறைய பார்த்திருக்கேன், முக்கால்வாசி சமையல்காரங்க, மங்கு கழுவுறவங்க, சலூன்ல முடி கழுவுறவங்க.

நீங்க தள்ளி வெட்டுறீங்களே அந்த மெல்லிசு தோலு, அது அழுக்கு இல்ல மா. நகத்துக்கும் சதைக்கும் நடுவுல தண்ணி போகாம அடைச்சு வெச்சிருக்குறதே அது தான். அதை எடுத்துட்டா சவுக்காரத் தண்ணி, புளி, மாவு, வெங்காயச் சாறு எல்லாம் உள்ள போய் சதை புண்ணாகி வீங்கிக்கிட்டே இருக்கும். ஆறு வாரத்துக்கு மேல இப்படி இருந்தா அது நாள்பட்டது. முன்னாடி இதை காளான்னு தான் நினைச்சாங்க, இப்போ டாக்டர்ங்க பெரும்பாலும் இதை ஈரத்தாலயும் சவுக்காரத்தாலயும் வர்ற ஒரு வகை தோல் அழற்சியா பார்க்குறாங்க, காளான் அதுக்கு அப்புறம் வந்து ஒட்டிக்கிறது. அதனால காளான் க்ரீம் மட்டும் போட்டு போகலைன்னா அதுல ஆச்சரியம் இல்ல.

பச்சை நிறம் வேற கதை. ஊக்கு வெச்சு நோண்டுனீங்கள்ல, அதுல நகம் சதையை விட்டு கொஞ்சம் தூக்கியிருக்கும். அந்த சந்துல ஈரம் தங்கும், சூடோமோனாஸ்னு ஒரு பாக்டீரியா அங்க குடியேறும், அதோட சாயம் தான் அந்தப் பச்சை. சந்து காயணும், தூக்கி நிக்குற நகத்தை குட்டையா வெட்டணும், ஊக்கை தூக்கிப் போடணும். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நாலு பங்கு தண்ணி கலந்து கொஞ்ச நேரம் ஊற வைக்கச் சொல்றதும் உண்டு, ஆனா உங்களுக்கு சீழ் வருதுன்னு சொல்றீங்க, எரியும், அதனால முதல்ல காட்டுங்க. அரசாங்க கிளினிக்ல ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான் மா. அப்படியே சர்க்கரையும் பார்த்துட்டு வாங்க. 2023 தேசிய சுகாதார ஆய்வுல நம்ம மலேசியாவுல பெரியவங்கள்ல 15.6 விழுக்காட்டுக்கு இனிப்பு நீர், அதுல நிறைய பேருக்கு இருக்குறதே தெரியாது.

செராஸ்_வாத்தியார்:
இவ்வளவு நீளமா எழுதணுமா? காளான் மாத்திரை ஒரு கோர்ஸ் போட்டா எல்லாம் சேர்ந்து போயிரும். என் மச்சானுக்கு கால் நகம் அப்படியே புதுசா வந்துச்சு.

மிஸ்ஸி_பினாங்:
சார், உங்க மச்சானுக்கு காளான் இருந்துச்சு, போச்சு, சந்தோஷம். நீங்க சொன்ன அளவும் சரி தான். ஆனா கெட்டுப்போன நகம்ல பாதிக்குப் பாதி தான் காளான், மிச்சம் வேற வேற. நகத்தைச் சுரண்டி மைக்ராஸ்கோப்ல பார்த்து உறுதி ஆன பிறகு தான் அந்த மாத்திரை, கல்லீரலுக்கும் ரத்தம் பார்ப்பாங்க. பாக்டீரியாவுக்கு காளான் மாத்திரை போட்டா பாக்டீரியாவுக்கு என்ன கவலை?

கிள்ளான்_லோரி:
மிஸ்ஸி குறுக்க வர்றேன் மன்னிக்கணும். எனக்கு பத்து நகத்துலயும் குறுக்கே ஒரு பள்ளம், கோடு போட்ட மாதிரி. அதுவும் ஈரமா? நான் மங்கே கழுவுறதில்ல, பொண்டாட்டிய கேட்டு பாருங்க.

மிஸ்ஸி_பினாங்:
ஹாஹா. எல்லா நகத்துலயும் ஒரே உயரத்துலயா? அடியில இருந்து எவ்ளோ தூரம்? ரெண்டு மூணு மாசம் முன்னாடி பெரிய காய்ச்சல் ஏதாச்சும் வந்துச்சா?

கிள்ளான்_லோரி:
ஆமா டெங்கி, வார்டுல போட்டுட்டாங்க, பிளேட்லெட் இறங்கி. பள்ளம் ஒரு 6, 7 மில்லி இருக்கும் அடியில இருந்து.

மிஸ்ஸி_பினாங்:
அது தான். உடம்பு பெரிய ஆபத்துல இருந்தா நகம் வளர்றதை கொஞ்ச நாள் நிறுத்திரும், நின்ன இடம் பள்ளமா தெரியும். மாசம் 3 மில்லின்னு கணக்கு போடுங்க, நீங்க வார்டுல படுத்த தேதி கிட்ட வந்துரும். மருந்து ஒன்னும் வேணாம், வளர்ந்து வெளிய போயிரும்.

கிள்ளான்_லோரி:
அட, கரெக்டா அந்த மாசம் தான்.

பிரிக்பீல்ட்ஸ்_பசிக்காரன்:
எல்லாம் சரி, சீழ் வர்ற கையோட கடையில சாப்பாடு பண்றாங்களே அதை யாருமே கேக்கலையே? எந்த கடைன்னு சொல்லுங்க, நான் அந்தப் பக்கமே வரல.

ஜெலுத்தோங்_அக்கா:
டேய் தம்பி, அந்தப் பொண்ணு வலியில இருக்கு, உனக்கு சோறு தான் முக்கியமா?

பிரிக்பீல்ட்ஸ்_பசிக்காரன்:
அக்கா சோறு முக்கியம் தான், அதை திங்குறது நான். கிளவுஸ் போடலாம்ல? உலகத்துக்கே ரப்பர் கிளவுஸ் விக்குற நாட்டுல இருந்துக்கிட்டு.

பிறை_ராணி:
கிளவுஸ் போட்டு பிசைஞ்சா மாவு பதம் தெரியாது. கையால பிசையுற முறுக்குக்கும் மெஷின் முறுக்குக்கும் வித்தியாசம் தெரியாதவங்க தான் இப்படி பேசுவாங்க.

பட்டர்வொர்த்_பையன்:
கிளவுஸுக்குள்ள வேர்த்து இன்னும் மோசமாகும்னு என் அண்ணி சொல்றாங்க, அவங்க ஃபேக்டரில நாள் முழுக்க போடுறவங்க.

செராஸ்_வாத்தியார்:
2009 உணவு சுகாதார விதிமுறைன்னு ஒன்னு இருக்கு. உணவு கையாளுறவங்க பயிற்சிக்குப் போகணும், டைபாய்டு ஊசி போட்டிருக்கணும். சட்டம் படிக்காம கருத்து சொல்ற பழக்கம் நம்ம ஆளுங்களுக்கு.

பிறை_ராணி:
சார் நான் கோர்ஸுக்கும் போயிருக்கேன் ஊசியும் போட்டிருக்கேன், சர்ட்டிபிகேட் சுவத்துல மாட்டியிருக்கு. உங்க சமையல்கட்டு சுவத்துல என்ன மாட்டியிருக்கு?

மிஸ்ஸி_பினாங்:
சண்டை வேணாம். பசிக்காரன் கேட்டதுல நியாயம் இருக்கு, சீழ் நிக்குற வரைக்கும் சாப்பாட்டுல கை வைக்காம கல்லா பக்கம் நிக்குறது நல்லது. மாமாகிட்ட சொன்னா புரிஞ்சுக்குவாரு. அண்ணி சொல்றதும் உண்மை. வெறும் ரப்பர் கிளவுஸ் நாள் முழுக்க போட்டா உள்ள வேர்த்து ஊறிரும். அடியில மெல்லிசு பருத்தி கிளவுஸ், மேல ரப்பர், நனைஞ்சா உடனே பருத்தியை மாத்தணும், அப்பப்போ கழட்டி கையை காய விடணும். ரப்பர் ஒத்துக்காம அரிச்சா ரப்பர் இல்லாத நைட்ரைல் கிளவுஸ் வாங்குங்க. வேலை முடிஞ்சதும் துடைச்சுட்டு நகத்தைச் சுத்தி கொஞ்சம் வாசலைன். அக்கா, எலுமிச்சை மட்டும் வேணாம், ராத்திரி முழுக்க விரல் புளிப்புல ஊறுனா இருக்குற கொஞ்ச தோலும் போயிரும்.

ஜெலுத்தோங்_அக்கா:
சரி மா, நீ சொன்னா கேட்டுக்குறேன். ஆனா எங்க அம்மாகிட்ட மட்டும் இதை சொல்ல மாட்டேன்.

பட்டர்வொர்த்_பையன்:
முறுக்கு அக்கா என்ன ஆச்சு? போனீங்களா?

கிள்ளான்_லோரி:
ஆளையே காணோம்.

முறுக்கு_செந்தூல்:
சாரி எல்லாரும். வலி தாங்காம கிளினிக் போனேன், கட்டை விரல்ல ஓரத்தை லேசா தூக்கி சீழ் எடுத்தாங்க, ஆன்டிபயாட்டிக் கொடுத்தாங்க. அது ஆறுனதும் வீக்கத்துக்கு ஸ்டீராய்டு க்ரீம்னு சொன்னாங்க, தோலை வெட்டவே கூடாதாம், அது திரும்ப ஒட்டி வர மாசக்கணக்குல ஆகுமாம். பச்சையும் வளர்ந்து தான் போகணும். சர்க்கரை கொஞ்சம் ஏத்தமா இருக்கு, வெறும் வயித்துல திரும்ப வரச் சொல்லிட்டாங்க. இப்போ கல்லாவுல தான் நிக்குறேன். நன்றி மிஸ்ஸி.

பிறை_ராணி:
க்ரீம் பேரு போடு மா, என் வீட்டுக்காரருக்கும் இதே மாதிரி இருக்கு.

மிஸ்ஸி_பினாங்:
பேரு போடாதீங்க மா. காளான் மேல ஸ்டீராய்டு பட்டா இன்னும் பரவும், சீழ் இருக்கும்போதும் ஆகாது. ராணி சிஸ், அவரை கூட்டிட்டு போய் காட்டுங்க. கையா காலா?

பிறை_ராணி:
காலு. ஒரே நகம், பெருவிரல், கறுப்பா ஒரு கோடு நெடுக்க.

மிஸ்ஸி_பினாங்:
அப்போ அது இதே மாதிரி இல்லவே இல்ல. எங்கயாச்சும் இடிச்சுக்கிட்டாரா? கோடு அகலமாகிக்கிட்டே போகுதா, அடியில தோல்லயும் கறுப்பு ஏறியிருக்கா? நம்ம நிறத்துக்கு நிறைய நகத்துல மெல்லிசா கோடு வர்றது சகஜம் தான், ஆனா ஒரே விரல்ல மட்டும்னா டாக்டர் பார்க்கணும், அபூர்வமா அது தோல் புற்றுநோயா இருக்கும். பாட்டுக்காரர் பாப் மார்லிக்கு கால் விரல் நகத்துக்கு அடியில தான் ஆரம்பிச்சது, 1981ல போயிட்டாரு. பயப்பட வேணாம், ஆனா இந்த வாரமே கூட்டிட்டு போங்க.

செராஸ்_வாத்தியார்:
இதுக்கு தனி இழை தொடங்கணும்.